ஃபராவின் வெள்ளைத் துவாலைகள்

நூர் பீவி வீட்டைக் காலி செய்துகொண்டு பட்டர்வொர்த்தில் இருக்கும் மகனோடு இருக்கக் கிளம்பியபோது, வேண்டாம் என்று விட்டுப்போன சாமான் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய சலவை மெஷின். டத்தோ கிராமாட் அடுக்குமாடியின் ஆறாவது மாடி நடைபாதையில், ஒயரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பழைய இரும்பு எடுக்கிறவன் வருவான் என்று அது நின்றிருந்தது. பக்கத்து வீட்டு ரமணி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். மூடியைத் தூக்கி, கையை உள்ளே விட்டுத் தொட்டியைச் சுற்றிவிட்டாள். தொட்டி சுற்றியது.

"நூர் அக்கா, இதுக்கு என்ன வந்துச்சு?"

"என்னத்த சொல்ல. துவைக்குது. தண்ணிய வெளிய விட மாட்டேங்குது. புழியச் சொன்னா பேய் புடிச்ச மாதிரி குதிக்குது. மகன் புதுசு வாங்கி வச்சிட்டான். ரோசாக் ஆகிக் கெட்டுப்போன சாமான் உனக்கு எதுக்கும்மா?"

"நான் எடுத்துக்கவா?"

"தூக்க முடிஞ்சா எடுத்துக்க லா."

தூக்க வேண்டியிருக்கவில்லை. பழைய போர்வை ஒன்றை அடியில் கொடுத்து இழுத்தே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள். மத்தியானம் ரொட்டி வேனை நிறுத்திவிட்டு வந்த அவள் கணவன் புவனேஸ்வரன், சமையற்கட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் அது நிற்பதைக் கண்டான்.

"ஊர்ல எல்லாரும் குப்பைய வெளிய தள்ளுவாங்க. நீ உள்ள தள்றியா?"

"ரிப்பேர் பண்ணப் போறேன்."

"நீயா?"

"நான்தான்."

அவன் மெஷினையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

ரமணிக்கு இந்த மெஷின் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். விமான நிலையத்துப் பக்கம் இருக்கிற ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளுக்குப் பாகம் பொருத்தும் வேலையில் பல வருஷம் இருந்தவள் அவள். அந்தப் பிரிவை முழுக்க, தீவிலிருந்து கரைக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வருகிறவர்களுக்கு அங்கே வேலை உண்டு, ஆனால் இரவு ஷிப்ட் மட்டும்தான். சாயங்காலம் கம்பெனி பஸ் ஏற்றிக்கொண்டு போகும், விடிந்த பிறகு இறக்கிவிடும். புவனேஸ்வரன் விடியுமுன் ரொட்டி ஏற்றக் கிளம்புகிறவன். இதற்கு முன்னால் ஒரு முறை இரவு ஷிப்ட் பார்த்த காலத்தில் இருவரும் பேசிக்கொண்டது மின்தூக்கி வாசலில்தான். பகலில் தூக்கம் வராமல் அவள் பாதியாக இளைத்துப்போனதும் அப்போதுதான். இனி செத்தாலும் அந்த வேலைக்குப் போவதில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள். ஆனால் அதற்குப் பதில் என்ன என்பதை அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது மேற்பார்வையாளர் ஷர்மினி போன் போட்டு, "திங்கக்கிழமை ஒரு முடிவு சொல்லிடுங்க அக்கா, இல்லன்னா வேற ஆளப் போட்ருவாங்க" என்று சொல்லியிருந்தாள்.

முன்பு அதே தொழிற்சாலையில் ரமணியோடு வேலை செய்த ஃபரா, இப்போது கெலுகோரில் சில அறைகளை வாடகைக்கு விடுகிறாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிற பெற்றோர்கள் தங்கும் அறைகள். அவளிடம்தான் ரமணி கேட்டுப் பார்த்தாள். ஃபரா மலாயில் சுருக்கமாகச் சொன்னாள்: "வெள்ளைத் துவாலை வெள்ளையாத் திரும்பி வரணும், வேற எதுவும் எனக்கு வேண்டாம். இப்பக் குடுக்கிற கடையில சாம்பல் நிறமா வருது. வியாழக்கிழமை ஒரு மூட்டை தர்றேன், சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு வாங்க. நல்லா இருந்தா வாராவாரம் உங்களுக்குத்தான்."

வீட்டில் ஏற்கெனவே இருந்தது இரண்டு தொட்டி வைத்த சின்ன மெஷின். நாலு துவாலை போட்டால் அதற்கு மூச்சு வாங்கும். ஆகவே நூர் பீவியின் மெஷின் ஓடினால் ஃபராவின் வேலை, ஓடாவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கம். ரமணி கணக்கை இப்படித்தான் போட்டிருந்தாள்.

ரிப்பேரை அவள் தொழிற்சாலையில் பழகிய விதத்திலேயே செய்தாள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் போனில் படம் பிடித்தாள். கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு, எந்தக் குழி எந்த இடம் என்று அட்டையிலேயே பேனாவால் எழுதினாள். தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றிவிடும் தட்டின் நடுத் திருகாணியை எடுத்துத் தட்டைத் தூக்கியதும் ஒரு வாடை வந்தது. அடியில் சாம்பல் நிறச் சேறு. சோப்பும் நூலும் மயிரும் சேர்ந்து களிமண் மாதிரி படிந்திருந்தன. அதற்குள் கொண்டை ஊசிகள், ஒரு சட்டைப் பொத்தான், நூர் பீவியின் பேரப்பிள்ளையுடையதாக இருக்க வேண்டிய ஒரு பிளாஸ்டிக் டைனோசர். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலும் வினிகராலும் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினாள். டைனோசரையும் கழுவி ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்தாள்.

தண்ணீர் வெளியே போகாததற்குக் காரணம் வடிகுழாய்க் கதவில் மாட்டியிருந்த இன்னொரு கொண்டை ஊசி. கதவு முழுக்கத் திறக்காமல் அது தடுத்துக்கொண்டிருந்தது. குதித்ததற்குக் காரணம் வேறு. தொட்டியை நாலு மூலையிலும் தாங்கித் தொங்கவிடும் கம்பிகளில் ஒன்று தன் இடத்தைவிட்டு நழுவி, மெஷினின் சுவரோடு உரசிக்கொண்டிருந்தது. பெல்ட்டும் தேய்ந்து வெடித்திருந்தது. பழைய பெல்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஜெலுத்தோங் சாலையில் உள்ள பாகங்கள் கடைக்குப் போனாள். கடைக்காரச் சீனர் பெல்ட்டை மேசைமேல் நீட்டிப் பார்த்துவிட்டு, "உங்க டெக்னீஷியன் வரலியா?" என்று கேட்டார். "வந்திருக்கேனே" என்றாள். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சரியான அளவைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார்.

மெஷினின் வெளித்தகடு அடியில் துருப்பிடித்து அரித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு ஒன்றடித்து, அது காய்ந்ததும் வெள்ளை பெயின்ட் அடித்தாள். இந்த வேலை நடந்த நாளெல்லாம் புவனேஸ்வரன் அந்தப் பக்கம் வந்து வந்து போனான்.

"பெயின்ட் எல்லாம் அடிக்கிற. பொண்ணு பார்க்க வராங்களா?"

"துரு துணியில ஏறக்கூடாதுல்ல."

"ஓடட்டும், அப்புறம் பார்ப்போம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன் ரமணி. நீ டோபி கடை நடத்து, வேணாங்கல. ஊரான் வீட்டு அழுக்கு மூட்டைய என்னைய தூக்கச் சொல்லாத. இந்த பிளாக்ல எனக்குன்னு ஒரு மரியாத இருக்கு."

"உங்கள யாரு தூக்கச் சொன்னா?"

"சொல்லாதன்னுதான் சொல்றேன்."

வியாழக்கிழமை ஃபராவின் மூட்டை வந்தது. சாயங்காலம் முதலில் வீட்டுப் போர்வைகளைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஏறியது, துவைத்தது, இறங்கியது. பிழியும்போது மெஷின் ஒரு முறை கனைத்துவிட்டு நிதானமாகச் சுழன்றது. மூடிமேல் அவள் வைத்த தண்ணீர்க் குவளையில் லேசான அலை எழுந்ததே தவிர ஒரு சொட்டும் சிந்தவில்லை. புவனேஸ்வரன் வாசற்படியில் நின்று குவளையைப் பார்த்தான். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே கிளம்பிப் போனான். பசாருக்குப் போனதாகப் பிறகு சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் ரொட்டி ஏற்றப் போன பிறகு ரமணி எழுந்தாள். குளித்து, விளக்கேற்றி, ஃபராவின் துவாலைகளை மெஷினில் போட்டாள். சோப்புத்தூள் போட்டு, அழுக்கு நன்றாக விடட்டும் என்று சுடுதண்ணீரும் ஊற்றி மூடினாள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பத்து மணிக்கெல்லாம் காயப்போட்டுவிடலாம்.

சிறிது நேரம் கழித்து மூடியைத் தூக்கினாள். தண்ணீர் சிவந்திருந்தது.

அவளுக்கு முதலில் தோன்றியது துரு. தோன்றாமல் என்ன செய்யும்? நாலு நாளாகத் துருவோடுதான் போராடிக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தித் தண்ணீரை இறக்கினாள். துவாலைகளை வாளிகளில் எடுத்துப் போட்டாள். ஒரு துவாலையைக் குழாயில் அலசினாள். சிவப்பு போய், திட்டுத் திட்டாக மஞ்சள் நின்றது. துருக்கறையும் அந்த நிறம்தான். ஆகவே உள்ளே எங்கோ ஒரு இரும்பு கரைகிறது. எந்த இரும்பு?

முட்டை அட்டை மறுபடியும் வெளியே வந்தது. சுழலும் தட்டைக் கழற்றினாள். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள். திருகாணிகள் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். துணி சுத்தமாக இருந்தது. தொட்டியோ துருப்பிடிக்காத எஃகு. தண்ணீர்க் குழாயில் துரு வருகிறதோ என்று ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். தெளிவாக இருந்தது. இரும்பு இருக்கக்கூடிய இடம் எல்லாவற்றையும் பார்த்தாள். இரும்பு இல்லாத இடம் எதையும் பார்க்கவில்லை.

கறையையாவது போக்குவோம் என்று வாளிகளில் சோப்புத்தூளை இன்னும் அள்ளிப் போட்டாள். தண்ணீர் முன்னைவிட அதிகமாகச் சிவந்தது. வெயில் அவள் வீட்டில் துணி காயப்போடும் கம்பங்களைத் தாண்டிப் போயிற்று. மத்தியானம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி, மழையும் பிடித்துக்கொண்டது. ஷர்மினிக்கு இன்றைக்கே போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தபடி அவள் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

புவனேஸ்வரன் நனைந்துகொண்டு வந்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டே பின்கட்டுக்கு வந்தவன் வாளிகளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா இது, வாளி வாளியா ஆரத்தி கரைச்சு வச்சிருக்க? யாருக்குக் கல்யாணம்?"

ரமணி தண்ணீரைப் பார்த்தாள். தட்டில் மஞ்சளைக் கரைத்து, ஒரு துளி சுண்ணாம்பு போட்டால் வருகிற அதே சிவப்பு. சொந்தக்காரர் கல்யாணங்களில், நாத்தனார் வளைகாப்பில், எத்தனையோ முறை அவள் கையாலேயே கரைத்த நிறம். சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சோப்புத்தூளும் செய்யும். சமையலில் மஞ்சள் தெறித்த சட்டையைத் துவைக்கும்போது தினமும் பார்க்கிறதுதானே.

"மஞ்சள்" என்றாள். "இது துரு இல்ல. மஞ்சள். மெஷினுக்குள்ள மஞ்சள் எப்படி வந்துச்சு?"

புவனேஸ்வரன் சிரிப்பை நிறுத்தியிருந்தான்.

"என்னங்க?"

"இல்ல..."

"என்ன இல்ல?"

"நேத்து ராத்திரி பசார்ல பச்சை மஞ்சள் நல்லா இருந்துச்சு. வெள்ளிக்கிழம காலையில மொத மொத வேலைக்கு ஓட்டப் போற. வேன் வாங்கினப்ப பூஜ போட்டோம்ல? சும்மா ஓட்டக்கூடாதுன்னு..."

"எங்க வச்சீங்க?"

"வெளிய கட்டினா நீ கிண்டல் பண்ணுவ."

"எங்கங்க வச்சீங்க?"

"உள்ள ஒரு வலைப் பை தொங்குதுல்ல. நூல் சேர்ற பை. அதுக்குள்ள."

ரமணி போய்ப் பையை உருவினாள். நூலால் கட்டிய பச்சை மஞ்சள் கொத்து, தொட்டிச் சுவரில் மோதி மோதி நசுங்கிப் பாதியாகியிருந்தது. துவைக்கும் தண்ணீர் முழுக்க அந்தப் பை வழியாகத்தான் திரும்பத் திரும்ப வரும். அதைவிட நல்ல இடத்தில் மஞ்சளை வைத்திருக்க முடியாது.

"காலையிலேர்ந்து மெஷின அக்கக்கா கழட்டிப் போட்டு துருவத் தேடிட்டிருக்கேன்" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும் இப்படிக் கரையும்னு? எலுமிச்சம்பழமும் சேத்து வைக்கலாம்னு வாங்கினேன். பழம் உருண்டு எங்கயாவது மாட்டிக்கும்னு விட்டுட்டேன்."

"அத வச்சிருந்தா இவ்வளவு செவந்திருக்காது."

அவன் அவளைப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "அந்தப் பழம் எங்க?" என்று கேட்டாள்.

ஒரு பை நிறைய எலுமிச்சை சாமி மாடத்துக்குக் கீழே இருந்தது. வேனுக்கும் சேர்த்து வாங்கியிருந்தான். ரமணி துவாலைகளைச் சோப்பு போக அலசினாள், அவன் பழங்களை வெட்டிப் பிழிந்தான். புளிப்புத் தண்ணீர் பட்டதும் மிச்சமிருந்த சிவப்பு ஓடிப்போயிற்று. துவாலைகள் எல்லாம் மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட மாதிரி மஞ்சளாகக் கிடந்தன.

"இது எப்படிப் போகும்?" என்றான்.

"வெயில்ல போகும். மஞ்சள் வெயிலுக்கு நிக்காது. ஈரமா வச்சு நல்ல வெயில்ல காட்டணும்."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது மழை இல்லை. வெயில் மெல்ல ஏறியது. துவாலைகளை இன்னொரு முறை துவைத்து, ஈரம் சொட்டச் சொட்டக் கம்பங்களில் மாட்டினாள். காலை முழுக்க அவை மஞ்சளிலிருந்து வாழைப்பழ நிறத்துக்கும், அதிலிருந்து பால் நிறத்துக்கும் மெதுவாக வந்தன. அப்போது பார்த்து வெயில் கட்டடத்தின் மறுபக்கம் போய்விட்டது. அதற்கு மேல் வீட்டில் வெயில் கிடையாது. வெயில் இருந்தது கீழே, பூப்பந்து மைதானத்தைச் சுற்றி இருக்கிற கம்பி வேலியில்.

ரமணி வாளிகளில் துவாலைகளை அடுக்கத் தொடங்கினாள். அரை நாள் வேலை முடித்து வந்திருந்த புவனேஸ்வரன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் மின்தூக்கிக்கு நடந்தான். மைதானத்து வேலி நெடுகத் துவாலைகள் விரிந்தன. அவன் ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, காய்கிற துவாலைகளில் தெளித்துக்கொண்டே போனான். நிழல் விழுந்த இடத்திலிருந்து எடுத்து வெயில் விழுகிற இடத்தில் மாற்றிப் போட்டான்.

மூன்றாவது மாடியில் இருக்கும் நாகப்பன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தான். "என்னண்ணே, டோபி கடை தெறந்தாச்சா?"

புவனேஸ்வரன் கையிலிருந்த துவாலையைத் திருப்பிப் போட்டான்.

சாயங்காலம் மறுபடி மேகம் கூடுமுன் எடுத்து மடித்தார்கள். இரண்டு துவாலைகளின் ஓரத்தில் மட்டும் மஞ்சள் மெல்லிய கோடாக நின்றுவிட்டது. அவற்றை நடுவில் வைத்து மறைத்துவிடலாம் என்றான் புவனேஸ்வரன். ரமணி அவற்றை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

கெலுகோரில் ஃபரா துவாலைகளை வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். மேலே இருந்த இரண்டைக் கையில் எடுத்து முகர்ந்தாள்.

"மஞ்சளா?" என்று மலாயில் கேட்டாள். அவள் சமையற்கட்டிலும் மஞ்சள் உண்டு.

"மஞ்சள்தான். எங்க தப்பு. மெஷினுக்குள்ள விழுந்துருச்சு. எல்லாத்துலயும் ஏறி, எல்லாத்துலயும் போக்கிட்டோம். இந்த ரெண்டுல மட்டும் முழுசாப் போகல. வேற வாங்கித் தந்துடறேன்."

"எல்லாத்துலயும் இருந்துச்சா?"

"எல்லாத்துலயும்."

ஃபரா மீதித் துவாலைகளை மறுபடி புரட்டினாள். வெயில் பட்ட வெள்ளை, கண்ணைக் கூச வைத்தது. அவள் உள்ளே போனாள். புவனேஸ்வரன் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான். ரமணி அந்த இரண்டு துவாலைகளையும் திரும்ப மடித்தாள். உள்ளே அலமாரி திறக்கிற சத்தம், எதையோ தரையில் இழுக்கிற சத்தம்.

ஃபரா ஒரு பெரிய மூட்டையை வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள். "வர்றவங்க நாசி கண்டார் கறிச்சோறு சாப்பிட்டுட்டுத் துவாலையிலதான் கையைத் துடைக்கிறாங்க. அந்த மஞ்சக் கறை எந்தக் கடையிலயும் போகல. தூக்கிப் போட மனசு வராம வச்சிருக்கேன். இதையும் அதே மாதிரி பண்ணிக் குடுங்க. அடுத்த சனிக்கிழமை கொண்டு வரும்போது புது மூட்டையையும் எடுத்துக்கோங்க." மேலே இருந்த இரண்டைக் காட்டி, "அந்த ரெண்டும் கால் துடைக்க ஆகும், விட்டுட்டுப் போங்க" என்றாள்.

வேனில் ஏறுமுன் ரமணி ஷர்மினிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வேறு ஆள் போட்டுக்கொள்ளட்டும் என்றாள். ஷர்மினி என்ன ஏது என்று கேட்டதற்கு, "வேல கெடைச்சிருச்சு" என்று மட்டும் சொன்னாள். வழியில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கினார்கள்.

மின்தூக்கி வாசலில் நாகப்பன் நின்றிருந்தான். புவனேஸ்வரனின் தோளில் மூட்டை இருந்தது.

"என்னண்ணே, ரொட்டியா?"

"துணி லா."

"யாரு துணி?"

புவனேஸ்வரன் மூட்டையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினான்.

"கெலுகோர்லேர்ந்து வருது. வேற எங்கயும் வெளுக்கலியாம்" என்றான். "கொஞ்சம் தள்ளி நில்லு தம்பி, கறிக் கறையா இருக்கு."

ரமணி ஆறாம் எண்ணை அழுத்தினாள்.